பச்சைத் துணியில் கட்டிய சோறு

அத்தியாயம் 11

ரபாயேல் இன்று வீட்டைத் தாண்டிப் போகிறான். ஆனால் இறங்கப் போவதில்லை.

வியாழக்கிழமை மீராசாஹிபின் கடைத் தொலைபேசிக்கு வந்த அழைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலை முகாமில் பயிற்சி முடிந்துவிட்டது. தருவதாகச் சொன்ன லீவை வெட்டிவிட்டார்கள். படை நேராக வவுனியாவுக்குப் போகிறது. வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் ரபாயேல் தன் மனைவியிடம் தமிழிலேயே சொன்னான்.

"சனிக்கிழமை பகல், தம்புள்ளைச் சந்தியால போவோம் மங்களம். ஒரு பார்வை பார்த்தாப் போதும். நான் சொன்னேன்னு மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. படை போற நேரத்தை வெளியில சொன்னவனை விலங்கு போட்டுத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

போன கிறிஸ்மஸுக்கு வந்து போனவன். அதன் பிறகு பெரிய வெள்ளி வந்து போனது. வஹகோட்டை அந்தோனியார் திருநாளுக்குக் கட்டிய தோரணங்கள் வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, கடைசியில் யாரோ கழற்றி அடுப்பில் வைத்துவிட்டார்கள். மங்களேஸ்வரி மட்டும் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்து அவள் எழுந்து வந்தபோது, மாமியார் மார்ஜரி பலாக்கொட்டைக் கறியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மணலில் புதைத்து மகனுக்கென்றே பத்திரமாக வைத்திருந்த கொட்டைகள்.

"நான் செய்ய மாட்டேனா அம்மே?"

"நீ செய்வே. உப்பை யாரு பார்த்துப் போடுறது? போன தடவை நீ போட்ட உப்புக்கு அவன் வவுனியா வரைக்கும் தண்ணி குடிச்சானாம்."

மார்ஜரி சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். சில நாள் தமிழில் தொடங்கி நடுவழியில் எங்கேயாவது தொலைந்து போவாள். மருமகள்தான் தேடிப் பிடித்துக் கூட்டிவருவாள். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கைச் சாடையில் சண்டை போட்டவர்கள். இப்போது வாயாலேயே சண்டை போடும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

வாட்டிய வாழையிலையில் சிவப்பரிசிச் சோறு, பலாக்கொட்டை, மாசிச் சம்பல், பொரித்த கருவாடு. மேலே பத்திரிகைத் தாள். அதற்கு மேலே மார்ஜரி ஒரு துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். ரபாயேலின் பழைய யூனிபோமில் கிழித்த துண்டு அது. பச்சையும் மண்நிறமும் திட்டுத் திட்டாகப் படிந்த பட்டாளத் துணி. அந்த வீட்டில் சட்டி பிடிப்பதற்கும் அதுதான், மிளகு காயப்போடுவதற்கும் அதுதான், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே விரிப்பதற்கும் அதுதான். மகன் வராவிட்டாலும் மகனின் துணி வீடு முழுக்கக் கிடந்தது.

"இப்படிக் கட்டினா சூடு போகாது," என்றாள் மார்ஜரி. "இந்த முழங்கால் மட்டும் வீங்காம இருந்தா நானும் வந்திருப்பேன். நீ கிட்டப் போக முடியாது. தெரியும். ஆனாலும் கொண்டு போ. வெறுங்கையோட நின்னு அவனை அனுப்பக் கூடாது."

அது அந்த வீட்டுப் பழக்கம். லீவு முடிந்து புறப்படும் நாளில் வாசற்படியில் வைத்து ஒரு கவளம் சோறு ஊட்டுவார்கள். முன்பு மார்ஜரி ஊட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு பொறாமையும் இல்லாமல், அந்த வேலையை மருமகளிடம் கொடுத்துவிட்டாள். ரபாயேல் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பெரிதாகத் திறப்பான். மென்றுகொண்டே போய்விடுவான். திரும்பிப் பார்க்க மாட்டான்.

மங்களேஸ்வரி சிவப்புச் சேலை கட்டினாள். தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். பொட்டை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தாள்.

கலேவெலையில் பஸ் மாறியபோது தையல்கார ஜெஸீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்ததும் வராததுமாகக் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, பொட்டை எடுத்துடுங்களேன். தம்புள்ளையில இன்னைக்கு ரோடு பூரா ஆமி நிக்குதாம்."

"நிக்கட்டும்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இறங்கினப்புறம் மறுபடி வச்சுக்கலாமே."

"என் நெத்தியைப் பார்த்துப் பயப்படுற ஆமின்னா, அது சண்டைக்குப் போய் என்ன செய்யப் போகுது?"

ஜெஸீமா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். பிறகு பார்சலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் மங்களேஸ்வரிக்கு உறைக்கவில்லை. கையில் இருப்பது அவளுக்கு வெறும் சட்டித்துணி.

*

தம்புள்ளையில் புதுக் காய்கறிச் சந்தை திறந்ததிலிருந்து அந்தச் சந்தியில் லொறிகள் தூங்குவதே இல்லை. கோவா, கரட், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவள் வீதியோரமாக இடம் பார்த்து நின்றாள். சூடு ஆறாமல் இருக்கப் பார்சலை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சிவப்புச் சேலை. பெரிய பொட்டு. வயிற்றில் பட்டாளத் துணி மூட்டை. பட்டாளம் வரப்போகும் வீதி.

ஊர்காவல் படைக்காரன் ஒருவன்தான் முதலில் பார்த்தான். அடுத்த நிமிடம் அவளைச் சுற்றி நாலு துப்பாக்கிகள். ஒரு கான்ஸ்டபிள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு காவல் கொட்டிலை நோக்கி வேகமாக நடந்தான். பாதி வழியில்தான் தன் கையில் இருப்பது என்னவாக இருக்கலாம் என்ற யோசனை அவனுக்கு வந்தது. கொட்டிலுக்கும் வீதிக்கும் நடுவில் இருந்த வெட்டவெளியில் அதை மெல்லக் கீழே வைத்தான். வைத்துவிட்டு ஓடினான். தொப்பி ஒரு பக்கம் விழுந்தது.

அவன் ஓடியதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். தராசுகளைப் போட்டுவிட்டு வியாபாரிகள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் காலியாகி, நட்ட நடுவில் மார்ஜரியின் பலாக்கொட்டைக் கறி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

கொட்டிலுக்குள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர். பெண் பொலிசை விட்டு அவளைச் சோதித்த பிறகுதான் அருகில் வந்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"மூட்டையில என்ன?"

"சோறு."

"துணி?"

"சட்டித்துணி."

"அது ஆமி யூனிபோம். அதை வச்சிருந்தாலே உள்ள போடலாம். தெரியுமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடம் அதில் சட்டி பிடித்திருக்கிறோமே, ஒரு நாளாவது அதை யூனிபோம் என்று பார்த்தோமா?

சார்ஜன்ட் அவள் கழுத்தைப் பார்த்தார். தாலிக் கொடியில் தாலியோடு அந்தோனியார் மெடல் ஒன்றும் தொங்கியது.

"நெத்தியில பொட்டு, கழுத்துல அந்தோனியார். நீ எந்தப் பக்கம்?"

"ரெண்டும் என் பக்கம்."

"வாய் நல்லா இருக்கு. சிங்களமும் நல்லா இருக்கு. யார் சொல்லிக் கொடுத்தது?"

"மாமியார்."

"புருஷன் எங்க?"

"வேலைக்குப் போயிருக்கார்."

"என்ன வேலை?"



ஒரு பெயர், ஒரு இலக்கம். சொன்னால் போதும், அவள் பட்டாளத்தான் பெண்டாட்டி என்று ஆகிவிடும். துணிக்குக் கணக்குச் சொல்லியாகிவிடும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியாத அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. அவன் இன்றைக்கு இந்த வழியால் வருவது உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி கம்பியில்லாத் தந்தியில் பறந்து, லொறியில் இருப்பவனை எட்டிப் பிடிக்கும்.

"நான் சந்தைக்கு வந்தேன்," என்றாள்.

"கூடை இல்லாமலா?"



*

செய்தி சந்தை முழுக்கப் பரவியது. பூண்டு, மிளகாய் மொத்த வியாபாரி சோமசுந்தரத்தின் காதுக்கும் போனது. சிவப்புச் சேலை என்றார்கள். வஹகோட்டைப் பக்கமிருந்து வந்தவள் என்றார்கள். அவர் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நடந்தார்.

சோமசுந்தரம் அவளுடைய அண்ணன். மாத்தளையில் இவர்கள் அப்பா ராசையாவின் கடைக்கு மிளகு கொண்டுவந்த சிங்களப் பையன்தான் ரபாயேல். தராசுப் பக்கத்தில் நின்றே தமிழ் படித்தவன். தமிழோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைக்காரர் மகளையும் கேட்டான். பிறகு ஆமியிலும் சேர்ந்தான். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடை எரிந்து சாம்பலானதைப் பார்த்த வீடு அது. மங்களேஸ்வரி வஹகோட்டைக்குப் போன நாளோடு கதவைச் சாத்திக்கொண்டது. சந்தையில் எதிரே கண்டாலும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று திருப்பிக்கொள்ளவில்லை.

"மாத்தயா, இது என் தங்கச்சி," என்றார் சார்ஜன்டிடம். சந்தைப் பொலிசுக்கு அவரைத் தெரியும். "துணி என் லொறியில கிடந்த சாக்குத்துணி. தெரியாம எடுத்திருக்கா. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான் மாத்தயா. எங்க வீட்டுலதான் இருக்கா. கொஞ்சம் மனசு சரியில்லை."

மங்களேஸ்வரி நிமிர்ந்தாள். ஆனால் அண்ணன் கண்ணால் கெஞ்சினார். சார்ஜன்ட் யோசித்தார். வெளியே இன்னும் அந்த மூட்டை கிடக்கிறது. படை வர அதிக நேரம் இல்லை.

"ரெண்டு பேரும் பேசிக்கங்க," என்று வாசலுக்குப் போனார்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் பேசினார். குரல் தணிந்திருந்தது.

"ஆமான்னு தலையை ஆட்டு, போதும். லொறி பின்னால நிக்குது. ரோட்டை அடைக்கிறதுக்குள்ள மாத்தளைக்குப் போயிடலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். உன் அறை அப்படியேதான் இருக்கு."

"போனா?"

"போனா அவ்வளவுதான். திரும்ப வஹகோட்டைப் பேச்சு வேணாம்."

"அதானே பார்த்தேன்."

"மங்களம், உன்னைக் கேக்குறேன். அவன் கூட மொத்தமா எத்தனை நாள் இருந்திருப்ப? கல்யாணம்னு ஒண்ணு ஆச்சு, வாழ்ந்தியா? அவன் அங்க நம்ம ஆளுங்களைச் சுட்டுக்கிட்டு இருக்கான். நீ இங்க அவனுக்குச் சோறு கட்டிக்கிட்டு இருக்கே."

அது பட வேண்டிய இடத்தில் பட்டது. நம்ம ஆளுங்களைச் சுடுகிறான் என்ற அந்த வார்த்தையை இரவுகளில் அவளே தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ரபாயேலிடமும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவன் எழுந்து வெளியே போனான். விடியும்வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். அதை அண்ணனிடம் சொல்லிப் புரிய வைக்க முடியாது. சொல்லவும் அவளுக்கு விருப்பமில்லை. அது அவர்கள் இருவருக்கும் சொந்தமான துக்கம்.

"நீங்க தினமும் ராத்திரி வீட்டுக்குப் போறீங்க இல்லியாண்ணே?" என்றாள்.

"போறேன். அதுக்கென்ன?"

"கமலாட்சி அண்ணி உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசி எவ்வளவு காலம் ஆச்சு?"

சோமசுந்தரம் எங்கேயோ பார்த்தார்.

"கூட இருக்கிறதுதான் வாழுறதுன்னா, நீங்க சொல்லுங்க யாரு வாழுறாங்கன்னு. எனக்கு வருஷத்துல பத்து நாள். அந்தப் பத்து நாளை மிச்ச நாளெல்லாம் வச்சுச் சாப்பிடுறேன். பசிக்கலை."

அவள் எழுந்தாள். வாசலைப் பார்த்துச் சிங்களத்தில், சார்ஜன்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணன் பாசத்துல சொல்றார். என்னை யாரும் விட்டுட்டுப் போகலை. எனக்கு மனசும் நல்லாத்தான் இருக்கு."

*

சார்ஜன்ட் பதில் சொல்லும் முன்னால் வெளியே ஒரு நாய் வந்தது.

சந்தை நாய். கருவாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றியது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. யாரோ கல்லை எடுத்தான்.

"எறியாதேடா," என்று சார்ஜன்ட் சீறினார். "கல்லு அதுல பட்டா?"

நாய் மூட்டையை ஒருமுறை நக்கிப் பார்த்தது. கொச்சிக்காய்க் காரம் உறைத்ததோ என்னவோ, தும்மிவிட்டுப் போய்விட்டது.

அப்போது கம்பியில்லாக் கருவி கரகரத்தது. படை நாவுலையைத் தாண்டிவிட்டதாம். குண்டு பார்க்கிறவர்கள் கண்டியிலிருந்து வர வேண்டும், அதற்கு மாலையாகிவிடும். மூட்டையை அப்புறப்படுத்த முடியாவிட்டால் படையைப் பாதியில் நிறுத்தி வேறு வழியால் திருப்ப வேண்டும் என்றது அந்தக் குரல்.

வேறு வழி.

மங்களேஸ்வரி அந்த வார்த்தையை மட்டும்தான் கேட்டாள்.

"நான் போய் அவிழ்க்கிறேன்," என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"குண்டுன்னா நான்தானே போவேன். சோறுன்னா நான்தானே தின்னுவேன். உங்களுக்கு ரெண்டுலயும் நட்டமில்லை."

சார்ஜன்ட் மீசையைத் தடவினார். அவள் முகத்தில் எதையோ தேடினார். பிறகு கையை அசைத்தார்.

"போ. எல்லாரும் பின்னால."

அவள் நடந்தாள். செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. இத்தனை பெரிய சந்தை, இத்தனை சனம், அவ்வளவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு பெண் தன் புருஷனுக்குக் கட்டிய சோற்றை நோக்கி நடந்துபோனாள். நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மார்ஜரியின் முடிச்சு இலேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். துணியை விரித்தாள். தாளை விரித்தாள். இலையைத் திறந்ததும் ஆவி மேலே எழுந்தது.

சூடு போயிருக்கவில்லை.

ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். பின்னால் யாரோ பெரிதாகச் சிரித்தான். பயம் விட்டுப்போன சிரிப்பு. சார்ஜன்ட் கருவியில் ஏதோ சொன்னார். வீதி திறந்தது. அவளை எழுப்பிக் கூட்டிவர ஒருவன் கிளம்புவதற்குள் முதல் லொறி திருப்பத்தில் தெரிந்துவிட்டது. படை போகும்போது யாரும் அசையக் கூடாது. அவனும் நின்றுவிட்டான்.

ஒரு மணி நேரம் முன்பென்றால் அவள் ஆயிரம் பேருக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. இப்போது கூட்டத்தையெல்லாம் அவர்களே விரட்டி விட்டிருந்தார்கள். கழுவித் துடைத்த பீங்கான் கோப்பை மாதிரி வெறுமையாகக் கிடந்த அந்த வெளியில் அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

லொறிகள் வந்தன. தூசும் புகையும் தலைக்கவசங்களும். ஒரே அச்சில் வார்த்த முகங்கள். அவள் கண்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தன. இல்லை. இல்லை. இவனும் இல்லை.

நடுவில் வந்த ஒரு லொறியின் பின்பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காது மட்டும் அதே காது.

மங்களேஸ்வரி கையை ஆட்டவில்லை. அழவும் இல்லை. இலையிலிருந்து ஒரு கவளம் உருட்டி, பலாக்கொட்டை ஒன்றை நடுவில் வைத்து, கையை நீட்டிப் பிடித்தாள்.

லொறியில் நின்றவன், துப்பாக்கிகளுக்கும் தோழர்களுக்கும் நடுவில், வாயைப் பெரிதாகத் திறந்தான்.

அவன் திருப்பத்தில் மறையும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு அவனுக்காக அந்தக் கவளத்தை அவளே சாப்பிட்டாள். உப்பு சரியாக இருந்தது.

*

கடைசி லொறியும் போன பிறகு அவள் இலையை மூடிக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பினாள். சார்ஜன்ட் அவளைப் பார்க்கவில்லை. வடக்கே போகும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல வந்த லொறி," என்றார். "வாயைத் திறந்தானே ஒருத்தன். யார் அவன்?"

"எந்த லொறி?" என்றாள்.

"மாத்தயா."

பின்னாலிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. சோமசுந்தரம் போகவேயில்லை. வீதியை அடைத்ததில் அவருடைய லொறியும் அங்கேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. தங்கையின் பக்கத்தில் வந்து, தோளோடு தோளாக நின்றார்.

"நான் முன்ன சொன்னது பொய் மாத்தயா. அது ரபாயேல். எங்க வீட்டு மாப்பிள்ளை."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வாயால் கேட்க வேண்டும் என்று அவள் காத்திருந்த வார்த்தை. இன்று ஒரு நாள் மட்டும் கேட்கக் கூடாத வார்த்தை.

சார்ஜன்டின் கை மெல்லக் கம்பியில்லாக் கருவியின் மேல் போய் நின்றது.

"அப்படியா," என்றார். "அவன் இன்னைக்கு இந்த வழியா வர்றான்னு உனக்கு யார் சொன்னது?"

அண்ணனின் முகம் வெளிறியது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு இப்போதுதான் எட்டியது.

மங்களேஸ்வரி பச்சைத் துணியை உதறினாள். மீதிச் சோற்றை அதில் வைத்து நிதானமாக முடிச்சுப் போட்டாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க," என்றாள். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளுங்க. காத்திருக்கப் பழகினவ நான்."